வாசலில் ஒரு படி

ஒரு காட்டில், ஓடைத் தண்ணீரின் மேல் சாய்ந்து வளர்ந்த ஈச்ச மரம் ஒன்று இருந்தது. மரம் முழுக்கத் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தன. பிள்ளைகளே, இது சிரிக்க வைக்கிற கதை இல்லை. நடுவில் சிரிக்கிற இடம் ஒன்றிரண்டு வரும். அங்கேயே சிரித்துக்கொள்ளுங்கள், பிறகு வராது.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கூடு பின்னுவது ஆண் குருவி. பாதி பின்னியதும் பெண் குருவி வந்து பார்க்கும். உள்ளே நுழைந்து, அலகால் இழுத்து, ஆட்டிப் பார்க்கும். பிடித்திருந்தால் அங்கேயே தங்கிவிடும். பிடிக்காவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் பறந்துவிடும். ஆண் குருவி, பாவம், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அடுத்த கூட்டைத் தொடங்கும்.

அந்த மரத்தில் சாமை என்று ஒரு பெண் குருவி இருந்தது. அதன் பார்வை கூர்மையானது. எந்தக் கூட்டில் எந்த முடிச்சு தளர்ந்திருக்கிறது என்று பறந்துகொண்டே சொல்லிவிடும். பக்கத்து ஓலையில் இருந்த தினை என்ற சின்னக் குருவிக்கு அதுதான் முதல் பருவம். அது யாரையும் எளிதில் நம்பிவிடும். எல்லாரையும்விடச் சாமையை நம்பியது.

"சாமை அக்கா நல்லது என்று சொல்கிற கூட்டில்தான் நான் முட்டையிடுவேன்" என்று தினை பிடிவாதமாக இருந்தது.

அதே காட்டில் மரங்கொத்தி ஒன்று இருந்தது. நல்ல வேலைக்காரன். இலவமரக் கட்டையில் இரண்டு பள்ளம் குடைந்து, கூடு பின்னுவதற்கு ஓர் அச்சு செய்து கொடுத்திருந்தது. பள்ளத்தில் புல்லை வைத்துப் பின்னி, இரண்டு பாதியையும் எடுத்துச் சேர்த்துத் தைத்தால் கூட்டின் வயிறு தயார். இட்லித் தட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கீழே தொங்குகிற நீண்ட குழாய் வாசலை மட்டும் குருவிகள் பழையபடி தாங்களே பின்னிக்கொண்டன.

மரங்கொத்திக்குக் கூலி வேண்டாம், தானியம் வேண்டாம். புகழ்ந்தால் போதும். யார் என்ன புகழ்ந்தார்கள் என்று கேட்டு வந்து சொல்வதற்காகவே ஒரு காக்கையைக் கூட வைத்திருந்தது. அந்தக் காக்கைக்கு இரண்டு காது. இரண்டிலும் புகழ்ச்சி மட்டும்தான் நுழையும்.

மழைக்காலம் நெருங்கியது. ஒரு நாள் காக்கை ஈச்ச மரத்தின் உச்சியில் வந்து உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியது.

"புது அச்சு வந்துவிட்டது! பழைய அச்சில் வயிறு மட்டும்தான். இதில் வாசலும் சேர்ந்தே வருகிறது! குழாய் குட்டை, வேலை பாதி! வாசலில் கெட்டியாக ஒரு படி! இனி அந்தரத்தில் தொங்கிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டாம். படியில் உட்காரு, மூச்சு வாங்கு, உள்ளே போ! எப்படி இருக்கிறது என்று எல்லாரும் கருத்துச் சொல்ல வேண்டும்!"

கருத்துக்கா பஞ்சம்? மரமே அதிர்ந்தது.

"அச்சு மாறினால் என் கை வேலை கெட்டுப்போகும். நான் தொடவே மாட்டேன்" என்று ஓர் ஆண் குருவி சத்தியம் செய்தது. சாயங்காலம் பார்த்தால் அதுதான் வரிசையில் முதலில் நின்றது.

"பள்ளத்தின் விளிம்பில் என் வால் இறகு மாட்டிக்கொண்டது" என்று இன்னொன்று அழுதது.

"கட்டையின் நிறம் கண்ணை உறுத்துகிறது" என்றது மற்றொன்று. அச்சுக்கு நிறம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் போனது. முணுமுணுப்பெல்லாம் அடங்கி, "ஆகா, படி! ஓகோ, படி!" என்று மரம் முழுக்க ஒரே பாட்டாகிவிட்டது. ஆண் குருவிகள் காலையில் தொடங்கி மாலைக்குள் கூட்டை முடித்தன. எல்லாக் கூடும் ஒரே உயரம், ஒரே பருமன். எல்லாவற்றிலும் வாசல் ஒரே இடத்தில், படியும் ஒரே இடத்தில்.

புது அச்சைப் பற்றி ஒரு கருத்தும் சொல்லாதது ஒரே ஒரு பிராணிதான். ஓடைக்கரைப் புற்றில் இருந்த சாரைப்பாம்பு. அது பொறுமைசாலி. தலையைத் தூக்கி மேலே பார்த்தபடி கிடந்தது. அந்தக் காட்டிலேயே புது அச்சை ஒழுங்காகப் புரிந்துகொண்டது அதுதான் என்பேன்.

நீளக் குழாய் எதற்காக என்று குருவிகள் யோசித்ததே இல்லை. அந்தக் குழாயில் பிடிமானம் கிடையாது. அதனால் எந்தப் பாம்பும் கூட்டுக்குள் போனதில்லை. பாம்பு வராததால் பாம்பைப் பற்றிய நினைப்பே அவற்றுக்கு இல்லாமல் போயிருந்தது.

சாமையின் துணையான வரகு, புது அச்சில் கூடு பின்னி முடித்துவிட்டுக் கூப்பிட்டது. "வந்து பாரேன். இந்த முறையாவது குறை சொல்லாதே."

சாமை கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. கீழே தலையைத் தூக்கிக் கிடந்த பாம்பு அதன் கண்ணில் பட்டது. உள்ளே நுழையவில்லை. ஓடைக்குப் போய், காய்ந்த கொடி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தது. போன வருடத்துப் பழைய கூடு ஒன்று ஓலையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கொடியை அதன் மேல் போட்டது. கொடி வழவழவென்று வழுக்கி நேராகத் தண்ணீரில் விழுந்தது.

கொடியை மறுபடி எடுத்து வந்து வரகின் புதுக் கூட்டின் மேல் போட்டது. கொடி வழுக்கி இறங்கி, வாசல் படியில் சுருண்டு மாட்டிக்கொண்டு நின்றது. விழவில்லை.

"எல்லாரும் பாருங்கள்!" என்று சாமை கத்தியது. "கொடி நிற்கிற இடத்தில் பாம்பும் நிற்கும். படியில் தாடையை ஊன்றினால் தலையைத் திருப்பி உள்ளே விட்டுவிடும். நமக்கு வைத்த படி இல்லை இது, பாம்புக்கு வைத்த படி!"

கூட்டம் கொடியைப் பார்த்தது. பிறகு ஒரு குருவி சிரித்தது. அவ்வளவுதான், எல்லாம் சிரித்தன.

"கொடியைப் பார்த்துப் பயப்படுகிறாள் பாரடி!"

"நிறம் சரியில்லை என்றவனும் இவளும் ஒரே ரகம்."

"இவளுக்கு எதைத்தான் பிடித்திருக்கிறது? பிறந்ததிலிருந்தே குறை சொல்கிறவள்."

காக்கை தலையைச் சாய்த்துக் கேட்டது. "இதுவரை எந்தக் கூட்டுக்காவது பாம்பு வந்ததா?"

"வரவில்லை. வந்த பிறகு சொல்லி என்ன பயன்?" என்றது சாமை.

"வந்ததும் சொல், மரங்கொத்தியார் பார்த்துக்கொள்வார்."

அன்று முதல் சாமை வரகு கட்டிய கூட்டுக்குள் போகவில்லை. தினையும் போகவில்லை. தன் துணை கட்டிய கூட்டைத் தள்ளி நின்றே பார்த்துக்கொண்டிருந்தது. "அக்கா சொல்லட்டும்" என்று மட்டும் சொன்னது.

சேதி மரங்கொத்திக்குப் போனது. மற்ற குருவிகள் ஆயிரம் புகழ்ந்தும் அதன் மனம் ஆறவில்லை. இந்த ஒரு வார்த்தை முள்ளாகக் குத்தியது. மறுநாளே காக்கை திரும்பி வந்தது.

"மரங்கொத்தியார் மனம் நொந்துவிட்டார். குறை சொல்லும் வாய் இருக்கிற மரத்துக்கு இனி அச்சு கிடையாதாம். நாளைக்கு வந்து கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். சாமை தன் வாயாலேயே புது அச்சு நல்லது என்று சொன்னால் ஒழிய!"

குருவிகள் பதறின. இன்னும் பாதிப் பேர் கூடு கட்டி முடிக்கவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அச்சுக்குப் பழகிய அலகுகளுக்கு அச்சில்லாமல் கூட்டின் வயிறு பின்னுவது மறந்தேவிட்டது.

"உன் ஒருத்தியால் எங்கள் எல்லாருக்கும் கூடு இல்லாமல் போக வேண்டுமா?" என்று சுற்றி நின்று கேட்டன. புல்விதை பொறுக்கும் இடத்தில் சாமைக்கு இடம் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து தள்ளிப் போயின. ஒரு குருவி தலையில் கொத்தியும்விட்டது.

வரகு கெஞ்சியது. "பாம்பு வருமோ வராதோ, யாருக்குத் தெரியும்? மழை மட்டும் நிச்சயம் வரும். ஒரே ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடேன். எனக்காக."

சாமை களைத்துப் போயிருந்தது. வயிற்றில் முட்டை கனத்தது. தனியாக இருந்து இருந்து அதற்கு அலுத்துவிட்டது. நானாக இருந்தாலும் அலுத்துத்தான் போயிருப்பேன். ஆனால் அது அடுத்துச் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எல்லாரும் பார்க்கச் சாமை பறந்து போய் வரகின் கூட்டு வாசலில், அந்தப் படியில் உட்கார்ந்தது.

"நன்றாகத்தான் இருக்கிறது" என்றது.

"இன்னும் உரக்க!" என்றது காக்கை.

"படி நன்றாக இருக்கிறது! நான்தான் தவறாக நினைத்துவிட்டேன்!"

மரம் முழுக்க ஆரவாரம். கொத்திய குருவியே வந்து சாமையின் இறகைக் கோதிவிட்டது. காக்கை சேதியைக் கவ்விக்கொண்டு பறந்தது. அச்சு மரத்திலேயே இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு தினை மட்டும் தனியாக வந்து மெல்லக் கேட்டது. "நிஜமாகவா அக்கா?"

சாமை அதன் முகத்தைப் பார்க்கவில்லை. "ம்" என்றது.

அந்த ஓர் எழுத்தை நம்பித் தினை தன் கூட்டுக்குள் நுழைந்தது.

மழை வந்தது. முட்டைகள் வந்தன. குஞ்சுகளும் வந்தன. சாமையின் கூட்டில் மூன்று, தினையின் கூட்டில் இரண்டு. தினைக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "அக்கா, சின்னவன் என்னைப் பார்த்ததும் வாயைத் திறக்கிறான்!" என்று வந்து வந்து சொல்லும். சாமையும் நாளடைவில் பயத்தை மறந்துவிட்டது. பாம்புதான் வரவில்லையே!

பாம்பு காத்திருந்தது. முட்டைக்காக அது அவசரப்படவில்லை, குஞ்சு கொழுக்கட்டும் என்று இருந்தது.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு நண்பகல். பெரிய குருவிகள் எல்லாம் புழு தேடி வயல் பக்கம் போயிருந்தன. சாரைப்பாம்பு ஈச்ச மரத்தில் ஏறியது. முதல் கூட்டின் மேல் இறங்கியபோது கொஞ்சம் தடுமாறியது. தாடையைப் படியில் ஊன்றியது. படி தாங்கியது. தலை உள்ளே போனது.

இரண்டாவது கூட்டில் தடுமாறவில்லை. ஒரு கூட்டைக் கற்றுக்கொண்டதுமே மரத்தின் எல்லாக் கூட்டையும் அது கற்றுக்கொண்டாகிவிட்டது. வாசல் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை.

சாமை அலகில் பச்சைப் புழுவோடு திரும்பி வந்தது. கூடு கிழியவில்லை. ஒரு நார்கூடப் பிரியவில்லை. காற்றில் அழகாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளேதான் சத்தமே இல்லை. சாமை படியில் உட்கார்ந்து தலையை நீட்டிப் பார்த்தது. வெறும் புல் மெத்தை, ஈரமாக இருந்தது. அலகிலிருந்து புழு நழுவி ஓடையில் விழுந்தது.

கீழே, உடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமாகச் சாரைப்பாம்பு மெதுவாகப் புற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒவ்வொரு கூட்டிலிருந்தும் அலறல் எழுந்தது. அன்று முழுவதும் அந்த மரத்தின் அழுகை காடெல்லாம் கேட்டது.

சேதி கேட்டு மரங்கொத்தியும் காக்கையும் வந்தன. மரங்கொத்தி ஒரு காலிக் கூட்டைச் சுற்றிப் பார்த்தது. பிறகு தொண்டையைச் செருமியது.

"ரொம்ப வருத்தமாக இருக்கிறது. அடுத்த அச்சில் படியை எடுத்துவிடுகிறேன். ஆனால் இப்படி ஒரு குறை இருக்கிறதென்று யாருமே சொல்லவில்லையே!"

"ஒருத்தரும் சொல்லவில்லை" என்றது காக்கை. "சாமையே பாராட்டினாளே! நான் காதால் கேட்டேன்."

குருவிகளின் துக்கம் ஒரு நொடியில் கோபமாகத் திரும்பியது. சிரித்த குருவிகள், இடம் விடாத குருவிகள், கொத்திய குருவி, எல்லாம் சாமையைச் சூழ்ந்துகொண்டன. "உனக்குத் தெரியும்தானே? தெரிந்துமா நல்லது என்றாய்?"

"நீங்கள்தானே சொல்ல வைத்தீர்கள்!" என்று சாமை கதறியது. அவற்றுக்குப் பதில் சொல்ல அதற்கு வாய் இருந்தது. நியாயமும் கொஞ்சம் இருந்தது.

அப்போது தினை பறந்து வந்து எதிரே உட்கார்ந்தது. அது கத்தவில்லை. அழுது அழுது குரல் அடைத்திருந்தது.

"தினை, நீ பார்த்தாயே! கொடியைப் போட்டு முதலில் காட்டினேனே!" என்றது சாமை.

"காட்டினாய் அக்கா. அதனால்தான் நான் அந்தக் கூட்டுக்குள் போகாமலே இருந்தேன்" என்றது தினை. "பிறகு நல்லது என்றாய். உன்னிடம் தனியாக வந்தும் கேட்டேன். அங்கே காக்கை இல்லை, கூட்டம் இல்லை. நானும் நீயும் மட்டும்தான் இருந்தோம்."

சாமை இந்த முறையும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. தினை இன்னும் கொஞ்ச நேரம் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அந்த மரத்தை விட்டே பறந்து போய்விட்டது.

நீதி: தெரிந்த குறையைக் கூட்டத்துக்குப் பயந்து நிறை என்று சொன்னால், அதை நம்பியவர் படும் துன்பத்தில் நமக்கும் பங்கு உண்டு.