கடலாமை ஏன் கண்ணீரோடு முட்டையிடுகிறது

அந்தக் காலத்தில், ஆமைக்கும் நண்டுக்கும் வாய்ப்பேச்சு இருந்தபோது, தரையெல்லாம் ஒரே துண்டாய்க் கிடந்தது. நடுவில் கடல் கிடையாது. ஆமைக்குத் துடுப்பும் கிடையாது, நாலு காலால் தரையில்தான் நடந்தது.

மூக்காயி என்று ஓர் ஆமை. மேற்கே மணல்மேட்டில் பிறந்தவள். பிறந்த மண்ணில்தான் முட்டையிட வேண்டும் என்பது அவள் இனத்து வழக்கம். ஆனால் மேயப் புல் கிழக்கேதான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளப் பள்ளம். அந்த வருஷமும் நூறு முட்டை இட்டு, மணலை மூடிவிட்டு, பசியோடு பள்ளத்தைக் கடந்து கிழக்கே வந்தாள். ஐம்பதாம் நாள் குஞ்சுகள் வெளியே வரும்போது தாய் எதிரே நிற்க வேண்டும்.

நாற்பத்தாறாம் நாள், பள்ளத்தில் குடியிருந்த நண்டு மேலே ஏறி வந்தது.

“மதினி, என் வீடு கீழே இறங்கிக்கிட்டே போகுது. ரெண்டு பக்கமும் விலகுது. நான் மேற்கே குடிபோறேன். நீ போய் உன் பிள்ளைகளை இந்தப் பக்கம் தூக்கிட்டு வந்திரு.”

“புதைச்ச முட்டையைப் புரட்டினா உயிர் தங்காது கொழுந்தனாரே. நீங்க பக்கவாட்டுல நடக்கிறவரு, உங்களுக்கு எல்லாம் விலகுற மாதிரிதான் தெரியும்.”

நண்டு சிரிக்கவில்லை. அது போன பிறகு அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம் வந்தது. தரையில் தாடையை வைத்துக் கேட்டாள்.

“மண்ணாத்தா, நீ நகருறியா?”

“நகருறேன் தாயி,” என்றது பூமி. “என் வயித்துல பாறையே குழம்பாக் கொதிக்குது. உலை கொதிச்சா மேலே மூடி சும்மா இருக்குமா? துண்டு துண்டா விலகுறேன். வருஷத்துக்கு நகம் வளர்ற அளவுதான்.”

மூக்காயிக்கு மூச்சு வந்தது. மெதுவாய்ப் போகிறவர்கள் யாரையும் மோசம் செய்யமாட்டார்கள் என்று நினைத்தாள். அவளே மெதுவாய்ப் போகிறவள்தானே. ‘ஐம்பதாம் நாள் விடியக் கிளம்பினால் போதும்’ என்று புல்லில் வாய் வைத்தாள்.

பூமி பொய் சொல்லவில்லை. எத்தனை காலமாய் நகருகிறாய் என்று இவள் கேட்கவில்லை, அவ்வளவுதான். கோடி வருஷமாய் இழுபட்டு இழுபட்டு அந்தப் பள்ளம் மெலிந்து தாழ்ந்துபோயிருந்தது. ஐம்பதாம் நாள் விடிந்து அவள் பள்ளத்து ஓரம் வந்து சேரும்போது, தெற்கே கரை உடைந்து கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் அக்கரை ஒரு கோடாய்த் தெரிந்தது.

மூக்காயி தண்ணீரில் இறங்கினாள். நடந்து பழகிய கால்களுக்கு நீந்தத் தெரியவில்லை. முழுகினாள், எழுந்தாள், மறுபடி அடித்தாள். அடித்து அடித்து நாலு கால்களும் துடுப்பாய்த் தட்டையாகிவிட்டன.

அக்கரை சேர்ந்தபோது மணலில் வெறும் முட்டைத் தோல்தான் கிடந்தது. சின்னச் சின்னத் தடங்கள், எல்லாம் தண்ணீரைப் பார்த்தே போயிருந்தன. பக்கத்தில் நண்டு தலை குனிந்து நின்றது.

“அம்மா எந்தப் பக்கம்னு கேட்டுச்சுங்க மதினி. கிழக்கேன்னு கையைக் காட்டிட்டேன். காட்டியிருக்கக் கூடாது.”

அவள் கண்ணில் நீர் வடிந்தது. தோல்களை மணலால் மூடிவிட்டுத் திரும்பவும் தண்ணீரில் இறங்கினாள்.

அன்று முதல்தான், ஆமைக்குஞ்சு மணலைவிட்டு வந்ததும் நிற்காமல் கடலுக்கு ஓடுகிறது. எத்தனை தூரத்தில் இருந்தாலும் பிறந்த கரைக்கே நீந்தி வரும் தாயாமை, முட்டையிடும்போது யாரிடமும் பேசாமல் கண்ணீர் வடிக்கிறது.