வட்டிலுக்கு உட்கார்ந்தவர்

சாத்தப்பனிடம் ஒரு கேள்வி இருந்தது. அதற்கு நான்கு பதில்களும் இருந்தன. தொல்லையே அதில்தான்.

"நான் ஏன் இப்படி இருக்கிறேன்?" என்பதுதான் கேள்வி.

இப்படி என்றால் எப்படி? வயது நாற்பத்திரண்டு. தண்ணீர் மொள்ளப் போனால், கிணற்றடியில் எறும்பு போகும் வழியைப் பார்த்துக்கொண்டு குடத்தை மறந்துவிட்டு வருவார். எதிரில் இருப்பவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார். உட்கார்ந்தால் கால் ஆடும், காலை அடக்கினால் கை ஆடும். ஆனால் மனதுக்குப் பிடித்த வேலை ஒன்று கையில் சிக்கிவிட்டால், பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் ஏறாது. இந்தக் காலத்து டாக்டர்கள் இதற்கு நான்கு ஆங்கில எழுத்துகளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சாத்தப்பன் காலத்தில் அதெல்லாம் கிடையாது. யார் வாயில் எது வந்ததோ அதுதான் பெயர்.

வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, "ரத்தத்துலயே இருக்குய்யா. உன் அப்பனும் இப்படித்தான். பாதி வயலை உழுதுட்டு மாட்டை அவுத்துவிட்டுட்டுப் போயிருவான்" என்றார்.

எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், "மனசுல உறுதி இல்ல" என்றார்.

அண்ணன், "சின்ன வயசுல நாலு போட்டு வளர்த்திருக்கணும். அம்மா செல்லம்" என்றான்.

ஊரோ, "எதையோ பார்த்துப் பயந்திருக்கான். மந்திரிக்கணும்" என்றது.

சாத்தப்பன் யாரையும் விட்டுவைக்கவில்லை. கஷாயம் குடித்தார், விரதம் இருந்தார், அண்ணனிடம் நாலும் வாங்கிக்கொண்டார், கையில் கயிறும் கட்டிக்கொண்டார். கஷாயத்துக்கு மட்டும் கொஞ்சம் கேட்டது; அதை மட்டும் விடாமல் குடித்துவந்தார். மற்றபடி ஆடிய கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு கடையிலிருந்தும், ஒரு கோயில் மடைப்பள்ளியிலிருந்தும், கடைசியில் அண்ணன் வீட்டிலிருந்தும் அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் அவர் கண்மாய்க்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்தை நடத்தியவர் உலகம்மை. சாத்தப்பனைவிட ஆறு வயது இளையவர். அதனால் சீடரை "சாத்தப்பரே" என்றுதான் கூப்பிடுவார். அதிகம் பேசமாட்டார். வந்த அன்றைக்கு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "சாப்பிட்டீங்களா?"

அந்த மடத்துக்கு ஊரில் ஒரு பொறுப்பு இருந்தது. கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் பொறுப்பு. எட்டு நாளைக்கு ஒருமுறை, விடிந்ததும் மடையைத் திறப்பார்கள். பொழுது சாய்ந்ததும் அடைப்பார்கள். இடையில் ஒவ்வொரு வயலுக்கும் இத்தனை நாழிகை என்று உண்டு. அதை அளக்க ஒரு செப்பு வட்டில் இருந்தது. அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அண்டாத் தண்ணீரில் மிதக்கவிட்டால், துளை வழியாகத் தண்ணீர் ஏறி, ஒரு நாழிகையில் முங்கிவிடும். முங்கினதும் எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்கவிட வேண்டும். ஒரு வயலின் பங்கு முடிந்ததும் சங்கு ஊத வேண்டும். சங்கு கேட்டால் அந்த வயல்காரர் தன் வயலுக்குத் தண்ணீர் பாயும் வாயை அடைப்பார், அடுத்தவர் திறப்பார்.

இதற்கு 'வட்டிலுக்கு உட்காருவது' என்று பெயர். உட்கார்ந்தவர் அண்டாவை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. எத்தனையோ தலைமுறையாக அப்படித்தான்.

மூன்றாவது மாதத்தில் உலகம்மை, "இன்னிக்கு நீங்க உக்காருங்க" என்றார்.

சாத்தப்பன் உட்கார்ந்தார். காலை நேரம் எப்படியோ ஓடியது. உச்சிக்கு மேல், எதிரே கருவேல மரத்தில் ஒரு தூக்கணாங்குருவி கூடு முடைய ஆரம்பித்தது. ஒரு புல்லிழையை எடுத்து, சுற்றி, அடியில் விட்டு, மேலே இழுத்து. இவ்வளவு சின்ன மூக்கு முடிச்சுப் போடுமா? சாத்தப்பன் கழுத்தை நீட்டினார். திரும்பிப் பார்த்தபோது வட்டில் அண்டாவின் அடியில் கிடந்தது. எப்போது முங்கியது என்று தெய்வத்துக்குத்தான் தெரியும்.

மேல்வயல்காரர்கள் யாரும் வந்து சொல்லவில்லை. கூடுதலாகத் தண்ணீர் பாய்ந்தால் எவன் வந்து சொல்வான்? பொழுது சாய்ந்து மடையை அடைத்தபோது, கடைமடையில் இருந்த வீராயியின் வயலுக்கு ஒரு சொட்டுப் போகவில்லை. கதிர் பால் பிடிக்கிற சமயம்.

மறுநாள் நாட்டாண்மை முத்திருளர் ஆட்களோடு மடத்துக்கு வந்தார்.

"மடத்தம்மா, உங்க முகத்துக்காக ஒரு தடவை பொறுத்துக்கறோம். அடுத்த முறைக்கும் இவரையே உக்கார வைங்க. நானே வந்து பார்க்கிறேன். அப்பவும் தவறினா, மனுசன் இந்த ஊர்ல இருக்கக்கூடாது."

"சரி" என்றார் உலகம்மை.

அவர்கள் போனபின் சாத்தப்பன் உலகம்மை முன்னால் வந்து நின்றார். போகச் சொல்லாத ஒரே இடம் இதுதான் அவருக்கு.

"அம்மா, எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லுங்க. குறை ரத்தத்துலயா, மனசுலயா, வளர்ப்புலயா, இல்ல ஊர் சொல்ற மாதிரி வேற எதுலயாவதா?"

உலகம்மை உள்ளே போய், பரணிலிருந்து இன்னொரு வட்டிலை எடுத்து வந்தார். பார்க்க முதல் வட்டில் மாதிரியேதான் இருந்தது.

"ரெண்டையும் ஒண்ணா மிதக்கவிடுங்க."

பரண் வட்டில் முந்திக்கொண்டு முங்கியது. மற்றது இன்னும் கால்பங்கு வெளியே நின்றது.

"ஏன்?" என்று கேட்டார் உலகம்மை.

"இதுல துளை பெருசு" என்றார் சாத்தப்பன், தூக்கிப் பார்த்துவிட்டு.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"முறைக்கு இன்னும் ஏழு நாள் இருக்கு. நல்லாப் பாருங்க."

சாத்தப்பன் அதைத் தூக்கிக்கொண்டு போனார். அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. மடத்து வட்டிலை மடையருகே நிழலில் ஒரு அண்டாவில் விட்டார். பரண் வட்டிலை வெயிலில் சூடேறிய தண்ணீரில் விட்டார். இன்னும் சீக்கிரமாக முங்கியது. கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றி, அதில் விட்டார். கொஞ்சம் நிதானப்பட்டது. காற்று அடித்தால் அலை விளிம்பேறி முங்கியது. துளையில் பாசி பிடித்திருந்தால் முங்கவே மனமில்லாமல் மிதந்தது. மூன்றாம் நாள், சமையல்காரி வந்து சோற்றுத் தட்டை அவர் மடியிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது.

நான்காம் நாள் உலகம்மையிடம் ஓடி வந்தார். "அம்மா, துளை மட்டும் இல்ல. வெயிலு, காத்து, பாசி எல்லாம் சேருது!"

"அப்ப எதுதான் முங்க வைக்குது? துளையை மெழுகு வச்சு அடைச்சிட்டு விடுங்க."

அடைத்து விட்டார். வட்டில் முங்கவில்லை.

"துளைதாம்மா!"

"மெழுகை எடுத்துட்டுத் தரையில வைங்க."

வைத்தார். வட்டில் தரையில் சும்மா இருந்தது.

"துளை இருக்கே. ஏன் முங்கல?"

சாத்தப்பன் வட்டிலைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது சீக்கிரமா முங்குதுன்னு எதை வச்சுச் சொன்னீங்க?" என்று கேட்டார் உலகம்மை.

"மடத்து வட்டிலை வச்சு."

"இது நான் பிறந்த ஊர் வட்டில். வரும்போது கையோட கொண்டு வந்தேன். அங்க தண்ணி அளக்கிறது இதுலதான். மடத்து வட்டிலை அங்க கொண்டுபோனா, இது என்ன தூங்குமூஞ்சி வட்டில்னு சிரிப்பாங்க."

சாத்தப்பன் பரண் வட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருஷமாக முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த எவரோ இறங்கிப் போனது போல் இருந்தது அவருக்கு.

"அப்ப எங்கிட்ட குறையே இல்லையாம்மா!"

"இதை வீராயிகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார் உலகம்மை.

சொன்னால் அப்போதே செய்கிற ஆள் அவர். மடையருகே அண்டாவில் மிதந்துகொண்டிருந்த மடத்து வட்டிலை அப்படியே மறந்துவிட்டு, வாய்க்கால் கரையோடு விறுவிறுவென்று நடந்தார்.

கடைமடை வயலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. வீராயி ஒரு கதிரைப் பிடுங்கி நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் இல்லை. சாத்தப்பன் துளை, வெயில், காற்று, ஊருக்கு ஊர் வட்டில் என்று மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"சாமி, என் பயிருக்கு உங்க ரத்தம் தெரியாது, மனசு தெரியாது. தண்ணி வந்துச்சா, வரலையான்னுதான் தெரியும்."

சாத்தப்பனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வாங்கிய ஏச்சு எதுவும் அவருக்கு இப்படி வலித்ததில்லை. இவள் ஏசவே இல்லையே.

"அடுத்த முறைக்கு வரும்" என்றார்.

"போன தடவையும் வரும்னுதான் இருந்தேன்."

திரும்பி நடந்தார். குனிந்த தலையோடு நடந்ததால் கரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அங்கங்கே நண்டு வளை. மண்ணை அள்ளி அடைத்துக்கொண்டே மடைக்கு வந்தபோது அண்டாவைக் கண்டார். விட்டுப் போன வட்டில் இன்னும் முங்கவில்லை. விளிம்பு தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. அவர் பார்க்கப் பார்க்க முங்கியது.

சாத்தப்பன் வட்டிலைக் கவிழ்த்து மறுபடி மிதக்கவிட்டார். மறுபடி கடைமடைக்கு நடந்தார். வட்டம் போட்டுத் திரும்பி வந்தார். இந்தத் தடவையும் ஒரு விரற்கடைதான் வெளியே நின்றது. மூன்றாம் தடவையும் போய் வந்தார். அன்றைக்குப் பொழுது சாயும்வரை போய் வந்தார்.

"இவருக்கு என்னம்மா ஆச்சு?" என்று சமையல்காரி கேட்டாள்.

"கஷாயத்தை மறந்திருப்பார். ஞாபகமாக் கொண்டுபோய்க் கொடு" என்றார் உலகம்மை.

முறை நாள் வந்தது. விடியும்போதே முத்திருளர் வந்து, அண்டாவுக்கு எதிரே பாய் விரித்து உட்கார்ந்தார். மடை திறந்தது. சாத்தப்பன் வட்டிலை மிதக்கவிட்டார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் இறங்கினார்.

"யோவ்! எங்க போறீரு? உக்காரும்!"

"வந்துர்றேன்" என்று குரல் மட்டும் வந்தது.

முத்திருளர் உலகம்மையைப் பார்த்தார். "என்னம்மா அநியாயம் இது? எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து உக்காந்துதான் பார்த்திருக்காங்க."

"நீங்கதான் இருக்கீங்களே. பார்த்துக்குங்க" என்றார் உலகம்மை.

முத்திருளர் பார்த்தார். வட்டில் முங்கப் போகும் நேரத்தில் சாத்தப்பன் வந்து நின்றார். எடுத்தார், கவிழ்த்தார், மறுபடி விட்டார், போனார். காலை முழுக்க அப்படித்தான். முத்திருளருக்கு ஆச்சரியம், அதைவிடக் கோபம். உச்சிவேளையில் மடத்தில் கூழும் மோரும் கொடுத்தார்கள். கண்மாய்க் காற்று குளுகுளுவென்று வந்தது. வட்டில் ஆடாமல் அசையாமல் மிதந்தது. நாட்டாண்மையின் தலை ஒருமுறை ஆடியது, இன்னொரு முறை ஆடியது, பிறகு பாயில் சாய்ந்தது.

அந்த நேரத்தில் கடைமடைக்குப் பக்கத்தில், சாத்தப்பன் ஒரு நண்டு வளைக்கு முன்னால் குந்தியிருந்தார். நண்டு ஒன்று தன் உயரத்துக்கு மண்ணை உருட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. எப்படி உருட்டுகிறது? முன்காலாலா, பக்கத்துக் காலாலா?

"சாமீ! வட்டில்!"

வயலிலிருந்து வீராயி கத்தினாள். காலையிலிருந்து அவள் ஒரு கண்ணை வரப்பிலேயே வைத்திருந்தாள். சாத்தப்பன் துள்ளி எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, ஓட்டமாக ஓடினார். அவர் வந்து சேரவும் வட்டில் விளிம்பு தண்ணீரைத் தொடவும் சரியாக இருந்தது. அந்த வயலின் பங்கும் அதோடு முடிந்தது. இரைத்ததையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் சங்கை ஊதினார்.

முத்திருளர் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தார்.

பொழுது சாய இன்னும் ஆறு நாழிகை இருந்தபோது வீராயியின் முறை வந்தது. வளையெல்லாம் அடைத்திருந்ததால் வாய்க்காலில் தண்ணீர் வழக்கத்தைவிட வேகமாகப் போனது. மடையை அடைக்கும்போது கடைமடையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வீராயி சேற்றுக் காலோடு மடத்துக்கு வந்தாள். வாசலில் நின்றாள்.

சாத்தப்பன்தான் முதலில் பேசினார். யாரும் கேட்கவில்லை, அவராகவே பேசினார். "உள்ளதைச் சொல்லிடறேன். உச்சிக்கு மேல ஒரு நண்டைப் பார்த்துட்டு நின்னுட்டேன். இந்த அம்மா கூப்பிடலைன்னா இன்னிக்கும் போயிருக்கும்."

"பார்த்தீங்களா? அவர் வாயாலயே சொல்லிட்டாரு!" என்றார் முத்திருளர்.

"கடைமடைக்குத் தண்ணி போச்சா?" என்று உலகம்மை கேட்டார்.

முத்திருளர் வீராயியின் கால்களைப் பார்த்தார். "போச்சு" என்றார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டார். "அது வேற, வழக்கம் வேற. வட்டிலுக்குன்னா உக்காரணும். அடுத்த முறைக்கு யாரு உக்காரப் போறாங்க? அதைச் சொல்லுங்க."

உலகம்மை அவரைப் பார்த்தார். நாட்டாண்மையின் வலது கன்னத்தில் பாயின் கோரை வரிவரியாகப் பதிந்திருந்தது.

"நீங்களே உக்காருங்க நாட்டாண்மை" என்றார் உலகம்மை. "சாத்தப்பர் நடக்கட்டும்."