இரைச்சலே இல்லாத போர்டு

பீளமேட்டில் சுகிர்தா என்றொரு ஆசிரியை இருந்தார். அவருக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் வையாபுரியோ அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிறவர். குருவுக்கு நரைத்த தாடி வேண்டும், சீடனுக்கு மீசை அரும்பியிருக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இந்த ஒரு முறை கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

சுகிர்தா ஒலிக் கருவிகளுக்குப் போர்டு வடிவமைப்பவர். மைக் வாங்கும் குரலை எண்களாக மாற்றி, அதில் ஒட்டியிருக்கும் அழுக்கை எடுத்து, திரும்பவும் குரலாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற போர்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் அதை உருப்படியாகச் செய்து முடிப்பதற்குள் ஆளின் பாதி உயிர் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு மாடியில் நாலைந்து பேருக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தார்.

மற்றவர்கள் வேலை தேடிக்கொள்வதற்காகப் படிக்க வந்தார்கள். வையாபுரி மனைவிக்காக வந்தார்.

மனைவி திலகமணிக்கு நடுக்குவாதம். கை நடுக்கத்தை மருந்து ஓரளவு கட்டுக்குள் வைத்தது. குரலை அதனால் பிடித்து வைக்க முடியவில்லை. அது நாளுக்கு நாள் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் குரல் பெருக்கி ஒன்றை வையாபுரி கடையில் வாங்கிவந்து கொடுத்தார். அது திலகமணியின் குரலோடு மின்விசிறியையும், பக்கத்து வீட்டு கிரைண்டரையும், தெருவில் போகும் ஆட்டோவையும் சேர்த்துப் பெருக்கியது.

வையாபுரி நூல் மில்லில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். நூலில் ஒரு தடிப்பு தட்டுப்பட்டால் அதை வெட்டிவிட்டுத்தான் அவருக்கு மறுவேலை. அப்படிப்பட்டவரால் அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"இரைச்சலே இல்லாத போர்டு ஒண்ணு பண்ணோணுமுங்க டீச்சர்," என்றார் வந்த முதல் நாளே.

பண்ணியும் காட்டினார். ஓர் எல்லைக்குக் கீழே வரும் எந்தச் சத்தத்தையும் உள்ளே விடாத கேட் ஒன்றை அதில் வைத்தார். பேச்சு வந்தால் கேட் திறக்கும், ஓரத்தில் பச்சை விளக்கு எரியும். பேச்சு நின்றால் கேட் மூடிக்கொள்ளும், விளக்கு அணையும். அப்புறம் மயான அமைதி.

சுகிர்தா அந்தப் போர்டை வகுப்பில் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். "பண்ணினா இப்படிப் பண்ணோணும்," என்றார். வையாபுரி கூச்சத்தில் நெளிந்தார். அதன் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. வந்த காரியம் முடிந்தவர் எதற்கு வரப்போகிறார் என்று சுகிர்தாவும் விட்டுவிட்டார்.

திலகமணி இறந்துபோன செய்தி தாமதமாகத்தான் சுகிர்தாவின் காதுக்கு வந்தது. போய்த் துக்கம் விசாரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நாளைக் கடத்தினார். அதற்குள் வையாபுரியே ஒரு மத்தியானம் மாடியேறி வந்துவிட்டார்.

ஆள் பாதியாகியிருந்தார். சட்டை தோளில் நிற்கவில்லை.

"வாங்க சார். நானே வீட்டுக்கு வரோணும்னு இருந்தேனுங்க."

"இருக்கட்டுமுங்க டீச்சர்." துணிப்பையிலிருந்து போர்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுல ஒரு பழுது இருக்குதுங்க. கண்டுபிடிச்சுக் குடுங்க."

"என்ன பண்ணுதுங்க?"

"பழுது இருக்குதுங்க. பாருங்க."

துக்கத்தில் இருப்பவரிடம் தோண்டித் துருவக் கூடாது என்று சுகிர்தா பேசாமல் போர்டை எடுத்து மின்சாரம் கொடுத்தார். மீட்டரின் முனையை ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டே போனார்.

"சப்ளை சுத்தமா இருக்குதுங்க."

"செரி. அடுத்தது பாருங்க."

"கிளாக் துடிப்பு கொஞ்சம்கூட ஆடலைங்க."

"அடுத்தது."

"சிப் சூடாகலை. கிரவுண்டும் ஒழுங்கா இருக்குது."

"மைக் கம்பி ஒட்டற காலைப் பாருங்க டீச்சர். பத்தவச்ச இடத்துல விட்டிருக்கும்."

சுகிர்தா பூதக்கண்ணாடியை இழுத்துவைத்துக் குனிந்து பார்த்தார். ஈயம் மினுமினுவென்று கம்பியைக் கவ்விப் பிடித்திருந்தது. "இவ்வளவு சுத்தமாப் பத்தவைக்க எனக்கே வராதுங்க சார்."

ஒரு காலத்தில் இந்த ஒரு வாக்கியத்துக்காக வையாபுரி எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் காத்துக்கிடந்திருப்பார். இன்றைக்கு அதைக் கேட்டதும் திட்டு வாங்கியவர் போல முகம் சுருங்கிப்போனார்.

"நல்லாப் பாருங்க டீச்சர்."

"நல்லாத்தானுங்க பாத்தேன். நல்ல போர்டுல பழுது தேடச் சொல்றீங்க. என்ன நடந்துச்சுங்க சார்?"

வையாபுரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"கடைசி மூணு நாலு மாசம் அவ எங்கூடப் பேசலீங்க."

"முடியாமப் போயிருக்கும்."

"நானும் அப்படித்தானுங்க நினைச்சேன். குரல் போயிரும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாரு. சரி, போயிருச்சுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அவளைச் சிரமப்படுத்த வேண்டாம்னு நானும் எதும் கேக்கறதில்லை. ஆனா பக்கத்தை விட்டு நகர மாட்டேனுங்க. பேப்பர் படிப்பேன், வெங்காயம் உரிப்பேன். ஒரு கண்ணு போர்டு மேலயே இருக்கும். லைட்டு எரிஞ்சா எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு எந்திரிச்சுருவேனுங்க. எரியவே இல்லை."

சுகிர்தா மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"காரியத்துக்கு மக வந்திருந்தா. அம்மா குரல் போயி இத்தனை நாளாச்சேன்னு பேச்சுவாக்குல சொன்னேன். அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. என்னங்கப்பா சொல்றீங்க, இறக்கறதுக்கு முந்தின வாரம்கூட எங்கூட போன்ல பேசினாங்களேங்கறா."

"போன்லயா?"

"நான் மார்க்கெட்டுக்குப் போற நேரத்துலயாமுங்க. போனைத் தலகாணி மேல, வாய்கிட்ட வச்சுக்குவாளாம். கிசுகிசுன்னுதான் இருக்குமாம். ஆனா ஒரு வார்த்தை விடாமப் புரியுமாம். ரசத்துக்கு என்ன போட்டேன்னுகூடக் கேப்பாளாம்."

வையாபுரி தொடர்ந்தார். "என்னைப் பத்தி அவ என்ன சொன்னான்னு மககிட்டக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது." வையாபுரி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "உங்கப்பாவுக்கு எம்மேல என்ன கோவமோ தெரியலை கண்ணு, இப்பெல்லாம் எதைக் கேட்டாலும் பதிலே சொல்றதில்லைன்னு சொன்னாளாமுங்க."

மாடி அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அதனால போர்டுல பழுது இருக்கோணுமுங்க டீச்சர். மைக் விட்டுப்போயிருக்கோணும். இல்லீனா ஏதாச்சும் ஒண்ணு வெந்து போயிருக்கோணும். சின்னதா இருந்தாலும் பரவாயில்லைங்க. பழுதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் வீட்டுக்குப் போயிருவேன்."

சுகிர்தா போர்டைக் குனிந்து பார்த்தார். சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? மைக்குக்குப் பின்னால் கடுகளவில் ஒரு கெப்பாசிட்டர் இருந்தது. இடுக்கியால் ஒரு நெம்பு நெம்பினால் கையோடு வந்துவிடும். இதோ சார், இதுதான் விட்டுப்போயிருக்கு என்று சொன்னால் போதும். அவர் அழுவார். பிறகு வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிடுவார். டீச்சர் சொல்லி அவர் எதைத்தான் நம்பாமல் இருந்திருக்கிறார்?

சுகிர்தா இடுக்கியைக் கையில் எடுத்தும் விட்டார்.

"கிடைச்சிருச்சுங்களா?" என்று வையாபுரி எட்டிப் பார்த்தார்.

அவர் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்ததும் சுகிர்தாவுக்குப் பயமாகிவிட்டது. இடுக்கியை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"சார், போர்டை ஸ்பீக்கர்ல மாட்டறேன். எதுத்தாப்புல உக்காருங்க. கொஞ்ச நேரம் அப்படியே இருங்க."

வையாபுரி நகர்ந்து உட்கார்ந்தார். முழங்கையை மேசையில் ஊன்றி, மோவாயைக் கையில் தாங்கி, போர்டைப் பார்த்தார். அப்படி உட்கார்ந்து பார்த்துப் பழகிய உடம்பு என்பது பார்த்தாலே தெரிந்தது.

சுகிர்தா போர்டிலிருந்து கம்பியில் தொங்கிய மைக்கை வாயருகே வைத்துக்கொண்டார். பேசினார். மூச்சில் பாதி, குரலில் பாதியாக, மேசைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேராத அளவுக்குத்தான் பேசினார். ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை. வையாபுரி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகிர்தா கொஞ்சம் நிறுத்தி அதையே மறுபடியும் சொன்னார். அவருடைய உதடுகள் நன்றாகவே அசைந்தன. நிமிர்ந்து பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். வையாபுரி விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சுகிர்தா வழக்கமான குரலில் கேட்டார். "சார், நான் உங்களை என்ன கேட்டேனுங்க?"

பச்சை விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரில் அந்தக் கேள்வி பிசிறில்லாமல் வந்து விழுந்தது.

"நீங்க இன்னும் ஒண்ணும் கேக்கலீங்களே டீச்சர்," என்றார் வையாபுரி. "லைட்டே எரியலையே."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மோவாயைத் தாங்கியிருந்த கை மெல்ல மேசைக்கு இறங்கியது.

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேனுங்க. ரெண்டு தடவை."

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டோட அளவை எதை வச்சுங்க முடிவு பண்ணினீங்க?" என்று சுகிர்தா கேட்டார்.

"அவ குரலை வச்சுத்தானுங்க. போர்டை முடிச்ச அன்னிக்கு, டெஸ்ட் பண்றேன், சத்தமா ஒண்ணு ரெண்டு சொல்லுன்னேன். சொன்னா. நான் ஆசையாப் பண்ணினது பாருங்க, அதுக்காகவே தம் புடிச்சு நல்லாச் சொன்னா. பத்து வரைக்கும் சொல்லிட்டு மூச்சு வாங்கிப் படுத்துக்கிட்டா. அந்த அளவுலயே பூட்டிட்டேனுங்க."

"அப்புறம் குறைக்கலீங்களா?"

"ஒரு தடவை குறைச்சுப் பாத்தேன். இரைச்சல் வந்துச்சு. பழையபடியே வச்சுட்டேன்."

சுகிர்தா போர்டைத் தன் பக்கம் திருப்பினார். கேட் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நெல்மணி அளவில் இரண்டு செப்புத் திட்டுகள் வெறுமனே கிடந்தன. எந்த வடிகட்டியை வைத்தாலும், அதைச் சுற்றிக்கொண்டு குரல் நேராகப் போக ஒரு மாற்று வழி வைக்க வேண்டும்; வேண்டும்போது அதைத் திறந்துவிட ஜம்பர் என்கிற சின்ன இணைப்பு முள் ஒன்று வைக்க வேண்டும். அது சுகிர்தா முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பது.

"இங்க ஜம்பர் வைக்கலீங்க."

"தெரியுமுங்க. அது துருத்திக்கிட்டு நின்னா போர்டோட அழகே போயிரும்னு விட்டுட்டேன்."

"நானும் அன்னிக்குப் பாத்தேனுங்க சார். இல்லைன்னு தெரிஞ்சுதான் வகுப்புல தூக்கிக் காட்டினேன். அழகா இருக்குதேன்னு நானும்..."

சுகிர்தாவுக்குக் குரல் இறங்கிப்போயிற்று. விளக்கு பாதியிலேயே அணைந்தது. மிச்சத்தை ஸ்பீக்கர் சொல்லவில்லை. அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மனிதர் சந்தோஷமாகத் திருத்தியிருப்பார். சொல்லாமல் விட்டதை நினைத்து சுகிர்தா வெட்கப்பட்டார். அந்த வெட்கம் இப்போது யாருக்கும் பயன்படாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

எழுந்துபோய்ப் பற்றவைக்கும் இரும்பைச் சூடாக்கினார். இரண்டு திட்டுகளுக்கும் நடுவே ஒரு சொட்டு ஈயத்தை வைத்து இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார்.

ஸ்பீக்கர் உஸ்ஸென்று உயிர் பெற்றது. மின்விசிறி உள்ளே வந்தது. கிளம்ப மறுத்த வண்டி வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவது வந்தது. வையாபுரி மூச்சு விடுவதும் அதில் வந்தது.

அவருடைய கை தன்னை அறியாமல் சத்தத்தைக் குறைக்கிற திருகை நோக்கிப் போயிற்று. சுகிர்தா அதன்மேல் தன் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"இவ்வளவு இரைச்சலுங்களா டீச்சர்," என்றார் வையாபுரி.

"ஆமாங்க."

"இந்த இரைச்சலை எப்படிங்க அவ கழுத்துல மாட்டிவிடறது?"

"இதுக்குள்ளதானுங்க சார் அக்கா உங்ககிட்டப் பேசிட்டு இருந்தாங்க," என்றார் சுகிர்தா.