பழம் தின்னாத காவலாளி

ஒரு காட்டில் என்று தொடங்கத்தான் ஆசை, குழந்தைகளே. ஆனால் இந்தக் கதையில் காடுகள் இரண்டு. ஒன்றை விட்டுவிட்டுச் சொன்னால் அந்தக் காட்டார் கோபித்துக்கொள்வார்கள்.

கிழக்கே இருந்தது கீழ்க்காடு. நாவலும் அத்தியும் விளாவும் அடர்ந்து, நடுப்பகலிலும் தரையில் வெயில் விழாத காடு. மேற்கே இருந்தது மேல்காடு. அதைக் காடு என்று சொல்வதே ஒரு மரியாதைக்காகத்தான். அங்கே இருந்தவை புல்லும் கல்லும், தூரத்துக்கு ஒன்றாக நிற்கும் முட்செடிகளும். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆறு. ஆண்டில் பத்து மாதம் அதில் மணலைத் தவிர வேறொன்றும் இருக்காது.

இந்த இரண்டும் சேர்ந்து ஒரு காலத்தில் கூட்டுக்காடு ஆயின. சேர்த்து வைத்தது அன்பு என்று எண்ணிவிடாதீர்கள். சேர்த்து வைத்தவை செந்நாய்கள். அவை எப்போதும் மேற்கிலிருந்துதான் வரும். கீழ்க்காட்டு மான்களுக்கு மரங்கள் மறைப்பதால், பல் தெரியும்போதுதான் நாய் தெரியும். மேல்காட்டுப் பொட்டலில் வாழும் ஆள்காட்டிக் குருவிகளுக்கோ அடிவானத்தில் ஒரு வால் அசைந்தாலும் போதும், கத்திக் கத்தி இரண்டு காட்டையும் எழுப்பிவிடும். ஆகவே, காவல் மேல்காட்டுடையது, கோடைக்குப் பழம் கீழ்க்காட்டுடையது என்று உடன்பாடு ஆயிற்று. கருங்குரங்குகள் மரத்தை உலுக்கும். காட்டுப்பன்றிகள் பழத்தைக் கொடிவலையில் கட்டி ஆற்றைத் தாண்டி இழுத்துப்போய்ப் பொட்டலில் கொட்டிவிட்டு வரும்.

கூட்டுக்காட்டுப் பேரவைக்குத் தலைவர் கொம்பையன் என்ற மிளா மான். அங்கே விவரம் சேகரித்து எழுதும் வேலை ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றிக்கு. மரப்பட்டையில் தன் முள்ளாலேயே எழுதிக்கொள்வான். எழுதுகோலுக்காக யாரிடமும் கையேந்தியதில்லை. கேட்ட கேள்விக்கு மிகச் சரியாகப் பதில் சொல்வான். கேட்காத கேள்வி இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்கமாட்டான். அதைத்தான் நேர்மை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு கோடையில் வாலழகன் என்ற நரி பேரவையில் எழுந்தான். ஆற்றங்கரையில், பன்றிகள் பழவலை கட்டும் இடத்துக்குப் பத்தடியில் இருந்தது அவன் வளை. ஒவ்வொரு நாளும் தன் மூக்குக்கு முன்னால் பழம் ஊர்ந்து ஊர்ந்து ஆற்றைக் கடப்பதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு நாட்டுப்பற்று பொங்கிவிட்டது.

கீழ்க்காடு உழைக்கிறது, மேல்காடு உட்கார்ந்து தின்கிறது என்று தொடங்கினான். நம் குட்டிகள் காய் கடித்து வளர, கண்காணாத பொட்டலுக்குப் போகிறது நம் கனி என்றான். கேட்டுக்கொண்டிருந்த குட்டிகள் எல்லாம் அப்போது வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை. பழம் காவலுக்குத்தானே போகிறது என்று கொம்பையன் நினைவூட்டினார்.

"தலைவரே, காவல் காப்பது ஆள்காட்டி. பழம் தின்பதோ அங்கே மேய்கிற வெளிமான்" என்றான் வாலழகன். "வெளிமான் என்றைக்காவது நமக்காக ஒரு சத்தம் போட்டதுண்டா? ஆள்காட்டி என்றைக்காவது நம் பழத்தில் அலகு வைத்ததுண்டா? நான் சொல்வதை நம்ப வேண்டாம். ஈட்டியண்ணன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்."

ஈட்டியப்பன் போனான். பொட்டலில் ஒரு முட்புதரின் நிழலில் மூன்று நாள் அசையாமல் உட்கார்ந்து பார்த்தான். திரும்பி வந்து பட்டையைப் பிரித்தான்.

"அண்ணே, ஆள்காட்டி பழம் தின்கிறதா? ஒரே சொல்லில் பதில்" என்றான் வாலழகன்.

"இல்லை" என்றான் ஈட்டியப்பன். ஒரு சொல் கேட்டார்கள், ஒரு சொல் கொடுத்தான். அந்தச் சொல் எவ்வளவு துல்லியமானது என்று உள்ளுக்குள் ஒரு பெருமிதம்கூட.

அன்றே பழம் நின்றது. காவல் ஓசியில் கிடைக்கும்போது பழம் எதற்கு என்று குரங்குகள் கேட்டன. இழுவை மிச்சம் என்று பன்றிகள் மகிழ்ந்தன. வாலழகனின் வளைவாசலில் நாவல் குவிந்தது. அவன் நாக்கு ஊதா நிறமாகி, அதே நிறத்தில் நின்றது. ஒரு வாரத்தில் தின்னவும் ஆளில்லாமல் பழம் தரையில் அழுகி, ஈ மொய்த்தது. ஆனாலும் அது எங்கள் ஈ என்று கீழ்க்காட்டார் பெருமைப்பட்டார்கள்.

பத்தாம் நாள் ஈட்டியப்பனுக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடப் பாதி நாள் ஆயிற்று. மேற்கிலிருந்து சத்தமே வரவில்லை. ஆள்காட்டி ஓணானைக் கண்டாலும் கத்துகிற பறவை. இத்தனை நாள் ஓர் ஓணான்கூடவா நடமாடவில்லை?

கொம்பையனிடம் சொன்னான். அமைதி நிலவுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார் அவர்.

ஈட்டியப்பன் எழுதவில்லை. மறுநாள் விடியலில் ஆற்றைக் கடந்து போனான். பொட்டல் வெறிச்சென்று கிடந்தது. வெளிமான் குளம்படிகள் மேற்கு நோக்கிப் போயிருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான். குட்டைக் காலோடு அவன் நடந்த நடைக்கு, அந்த மான்கள் போய்ச் சேர்ந்திருந்த ஏரி கண்ணில் பட்டபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. கரை ஓரத்துப் பச்சையில் மான்கள் மேய்ந்தன. அவற்றின் காலடியில் ஆள்காட்டிகள் குடுகுடுவென்று ஓடி எதையோ கொத்தின.

செம்மூக்கி என்ற ஆள்காட்டி அவனை அடையாளம் கண்டுகொண்டாள். "வாருங்கள் ஐயா. மறுபடியும் விசாரணையா? உட்கார இங்கே முட்புதர் இல்லையே."

அவன் கூச்சத்தோடு கேட்டான். "காவலை விட்டுவிட்டு வந்துவிட்டீர்களே. கோபமா?"

"எங்களுக்கு எதற்குக் கோபம்? நாங்கள்தான் பழமே தின்பதில்லையே. நீங்கள்தானே எழுதினீர்கள்."

"பிறகு ஏன் வந்தீர்கள்?"

"பசித்தது, வந்தோம்" என்றாள். "கோடையில் பொட்டலில் புல் கருகிவிடும். உங்கள் பழம் இருந்ததால் வெளிமான் அங்கே தங்கியது. அது தங்கினால் புழுக்கை போடும். புழுக்கை கிடந்தால் வண்டு வரும். வண்டு வந்தால் எங்களுக்குச் சாப்பாடு. பழம் நின்றது, மான் கிளம்பியது. மான் கிளம்பிய பிறகு கல்லையா கொத்துவது? மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தீர்களே, நாங்கள் எதைத் தின்கிறோம் என்று பார்க்கவில்லையா?"

ஈட்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "எதைத் தின்னவில்லை என்றுதான் கேட்டிருந்தார்கள்."

செம்மூக்கி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கீழ்க்காட்டு மரத்திலேயே வந்து தங்கலாமே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தான். ஆள்காட்டியின் காலுக்குக் கிளையைப் பற்றத் தெரியாது, தரையில்தான் முட்டையிடும், தரையில்தான் வாழும் என்று அவள் சொன்னாள். பழம் வந்தால் மான் வரும், மான் வந்தால் நாங்கள் வருவோம் என்றாள். வேறு நிபந்தனை எதுவும் வைக்கவில்லை.

திரும்பி நடந்தான். பட்டையில் தான் எழுதிய அந்த ஒரு சொல்லை நினைக்க நினைக்க முள்ளெல்லாம் உள்பக்கம் திரும்பிக் குத்துவதுபோல் இருந்தது.

ஆற்றை நெருங்கியபோதுதான் பார்த்தான். வடக்கே வெகு தொலைவில், ஆற்றின் மேற்குக் கரை மணலில் ஒரு சிவப்பு வரிசை. செந்நாய்கள். அவசரமில்லாமல், ஒன்றன் பின் ஒன்றாக, கீழ்க்காட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. கத்த ஒரு குருவி இல்லை.

முள்ளம்பன்றிக்குக் குரல் கிடையாது என்று சொல்லுமளவுக்கு அதன் குரல் சிறியது. ஆனால் வாலில் முட்கள் உண்டு; குலுக்கினால் கலகலக்கும். ஈட்டியப்பன் குலுக்கிக்கொண்டே ஓடினான். தன் வாழ்நாளில் அவன் ஓடியது அன்றுதான்.

முதலில் மான்கள் சிரித்தன. கணக்கு தப்பிப் போய் ஈட்டியப்பனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றது ஒரு பன்றி. ஆனால் எப்போதும் ஒரு சொல்லுக்கு மேல் பேசாதவன் இவ்வளவு சத்தம் போடுகிறானே என்று ஒரு கிழக் குரங்குக்குச் சந்தேகம் வந்தது. உச்சிக் கிளைக்கு ஏறி மேற்கே பார்த்தது. அடுத்த கணம் அது போட்ட அலறலில் காடு கலைந்தது. மிளாக்கள் காட்டின் நடுவில் கோடையிலும் வற்றாத ஆழ்மடுவில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டன. மான்கள் பாறைச் சரிவில் ஏறிவிட்டன. பன்றிகள் குட்டிகளை நடுவில் விட்டு வட்டம் கட்டின. செந்நாய்கள் மரத்தடிக்கு வந்தபோது அவற்றை வரவேற்க அழுகிய நாவல் மட்டும் இருந்தது.

ஈட்டியப்பன் தன் வளைக்குள் பாய்ந்து, முதுகால் வாசலை அடைத்துக்கொண்டான். எதிரே இருட்டில் இரண்டு கண்கள் மின்னின.

"அண்ணே, நான்தான்" என்றது ஒரு குரல்.

"தெரிகிறது. மூச்சில் நாவல் மணக்கிறது."

வெளியே நாய்கள் மோப்பம் பிடிக்கும் சத்தம். வாலழகன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். "வாசலை இன்னும் கொஞ்சம் அடையுங்கள் அண்ணே. ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறது."

"அடைக்கிறேன். இந்த வளைக்கு நீ ஒரு பிடி மண்ணாவது தோண்டினாயா?"

"இது அதையெல்லாம் பேசும் நேரமா, அண்ணே?"

"ஒரே சொல்லில் பதில்."

வாலழகன் சொன்னான், "இல்லை."

"கீழே கிடக்கும் கிழங்கு மேல் காலை வைக்காதே. அது என் சாப்பாடு" என்று சொல்லிவிட்டு ஈட்டியப்பன் முட்களை விரித்தான். ஓரத்து வெளிச்சம் மறைந்தது. கூட்டத் தலைவனான செந்நாய் மூக்கை நுழைத்தது. இரண்டு முள்ளை மூக்கில் செருகிக்கொண்டு ஊளையிட்டபடி பின்வாங்கியது. மற்றவை அதைச் சுற்றி நின்று பார்த்தன. தலைவனின் மூக்குக்கு நேர்ந்ததைக் கண்ட பிறகு வேறு எந்த மூக்கும் முன்வரவில்லை. வெயில் சாயும் முன் வந்த வழியே போய்விட்டன.

மடுவிலிருந்து ஏறிய ஈரம் சொட்டச் சொட்டப் பேரவை கூடியது. ஒவ்வொரு கூட்டமும் தன் ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பார்த்தது. ஒரு குரலும் குறையவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் கொம்பையனுக்கு மூச்சு சீராக வந்தது.

ஈட்டியப்பன் எழுந்தான். "நான் எழுதியது உண்மை. ஆனால் பாதி" என்று தொடங்கி, பழத்திலிருந்து வெளிமானையும், வெளிமானிலிருந்து வண்டையும், வண்டிலிருந்து ஆள்காட்டியையும் சொல்லி முடித்தான். யாரும் கேட்காமலே இவ்வளவு பேசியதில் அவனுக்கே நாக்கு உலர்ந்துவிட்டது.

மீண்டும் பழம் அனுப்பச் சம்மதிப்பவர்கள் வாலைத் தூக்கலாம் என்றார் கொம்பையன். முதலில் உயர்ந்த வால் மிக அழகானது. அதற்கு உரியவன் மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் முதல் பன்றிகள் வலையை இழுத்தன. வெளிமான்கள் வரும்வரை கீழ்க்காட்டாரே முறைவைத்துக் காவல் இருந்தார்கள். காவல் என்பது எவ்வளவு கழுத்துவலி தரும் வேலை என்பது அந்த நாள்களில் எல்லாருக்கும் விளங்கியது. மான்கள் மேயவில்லை, குரங்குகள் கண்மூடவில்லை.

ஏழாம் நாள் நண்பகலில், மேற்கே ஆள்காட்டிகள் ஒரே சமயத்தில் அலறின.

காடு முழுவதும் துள்ளி எழுந்தது. கிழக் குரங்கு உச்சிக்கு ஓடியது. கீழே எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள்.

"என்ன தெரிகிறது?" என்று கேட்டார் கொம்பையன்.

"ஆமை."

"என்ன ஆமை?"

"ஓர் ஆமை பொட்டலைக் கடந்து போகிறது. அதற்குத்தான் இந்தக் கூச்சல்."

கொம்பையன் முன்காலை மடக்கி, நின்ற இடத்திலேயே படுத்துவிட்டார். மான்கள் படுத்தன, பன்றிகள் சாய்ந்தன. குரங்கு உச்சிக் கிளையிலேயே வாலைச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடியது. ஆமை கடந்து முடியும்வரை ஆள்காட்டிகள் விடவில்லை. ஆமைகள் அவசரப்படுபவையும் அல்ல. அந்தக் கூச்சல் நடந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் ஈட்டியப்பன் தன் வளைவாசலில் நன்றாகக் குறட்டைவிட்டுத் தூங்கினான்.

நீதி: கொடுத்தது எங்கே போனது என்று மட்டும் தேடுகிறவனுக்கு, தன்னிடம் வருவது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.