ஆபீஸ் குழாய்க்கும் அதே சட்டம்

வெள்ளிக்கிழமை வீட்டுக் குழாயைப் பூட்டிவிடுவேன் என்று கொழுந்தன் சொல்லிவிட்டான். பிரிக்காத குடும்ப மனையில் குழாய் அவன் பங்கில் இருந்தது. செங்கமலம், தான் கூட்டிப் பெருக்கும் பேரூராட்சி ஆபீசிலேயே தனிக் குழாய் கேட்டு மனுவோடு போய் நின்றாள்.

செயல் அலுவலர் அருள்நம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிரிக்காத மனைக்கு ரெண்டாவது குழாய் கிடையாது."

"அப்ப மனையைப் பிரிச்சுக் குடுங்க சார்."

"குழாய் இல்லாத துண்டைப் பிரிக்க முடியாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவள் மனுவை அவர் பக்கம் நகர்த்தினாள். "எழுதிக் குடுங்க சார். மீறினா என்ன ஆகும்னும் சேர்த்து எழுதுங்க."

அவர் மிடுக்காக எழுதினார்: 'பிரிக்காத மனையில் இரண்டாவது குழாய் இருந்தால் உடனே துண்டிக்கப்படும்.' கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார்.

வியாழக்கிழமை காலை ஆபீஸ் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாய் பிட்டர் மரியதாஸ் அந்தத் தாளோடு நின்றார்.

"நம்ம ஆபீஸ் பள்ளிக்கூட மனையிலதான் சார் இருக்கு, இன்னும் பிரிக்கலை. பள்ளிக்கூடத்துக் குழாய் முதலாவது, இது ரெண்டாவது. உங்க உத்தரவுப்படி துண்டிச்சாச்சு."

"யாருய்யா இதைக் கிளப்பினது?"

"நான்தான் சார்," என்றாள் செங்கமலம். "ஒன்பது வருசமா இங்க குடம் நிரப்புறேன். பள்ளிக்கூடத்துல குழாய் திறந்தா இங்க தண்ணி நின்னுரும். ரெண்டும் ஒரே மனைன்னு எனக்குத் தெரியாதா?"

அந்தச் சட்டம் செல்லுமென்றால் ஆபீசுக்குக் குழாய் இல்லை. பதினோரு மணிக்கு மாவட்ட அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள். அருள்நம்பி அந்த உத்தரவை ரத்து செய்து, செங்கமலத்தின் மனைப் பிரிவினைக்கும் குழாய்க்கும் சேர்த்தே கையெழுத்துப் போட்டார்.

தொண்டை வறண்டிருந்தது அவருக்கு. "இப்பவாவது ஒரு டம்ளர் தண்ணி குடும்மா."

"என் வீட்டுல குழாய் வரட்டும் சார். முதல் குடம் உங்களுக்குத்தான்."