வெள்ளிக்கிழமைத் தவிடு

மடம் மேட்டில் இருந்தது. ஊர் பள்ளத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த சரிவில் ஏறி இறங்கியே மாசிலாமணியின் முழங்கால் தேய்ந்துபோயிற்று.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. தலையாரி வேலையில் ஓய்வு பெற்றபின் மடத்தில் சீடராகச் சேர்ந்தவர். அவருக்குக் குருவாக வாய்த்த அருளம்மைக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. "குருவுக்கு வயசு பத்தலை, சீடருக்கு மிச்சம்" என்று ஊரில் கேலி பேசுவார்கள். இருவருமே அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள்.

ஊருக்குப் பெயர் நாணல்படுகை. ஆற்றங்கரையை ஒட்டிய தாழ்வான பூமி. வாழையும் எருமையும்தான் பிழைப்பு. போன ஆடியில் வெள்ளம் வந்தபோது, எருமைகளை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று சனங்கள் கூரைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மாசிலாமணியின் தங்கை தையல்நாயகி, ஒரு பகல் முழுக்க எருமைக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஓட்டின்மேல் இருந்தாள். அவளும் எருமையும் பிழைத்தது ஆண்டவன் செயல்.

கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். அதன்பிறகு மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேச ஆரம்பித்தார். பேச்சைத் தங்கை வீட்டில் தொடங்கித் தங்கை வீட்டில் முடிப்பார்.

"தையலு, வெள்ளம் வருதுன்னு மைக் ஆட்டோ வந்து சொன்னதும் மேட்டுக்கு வந்துடணும். தெரியுதா?"

"சீமாட்டி கீழ நிக்கிறப்ப நான் மட்டும் எப்படிண்ணே வர்றது?"

சீமாட்டி அவளுடைய எருமை. சரிவைக் கண்டால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். நாலு ஆள் தள்ளினாலும் அசையாது.

"எருமை பெருசா, உசுரு பெருசா?"

"காபி ஆறுது, குடிச்சிட்டுப் பேசுண்ணே."

வருஷம் முக்கால்வாசி இப்படியே போயிற்று. மாசிலாமணி மடத்துக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

"அம்மா, இந்த சனங்களுக்கு எப்படித்தான் புரியவைக்கிறது?"

"ஒரு மூட்டை தவிடு வாங்கிட்டு வாங்க, ஐயா" என்றார் அருளம்மை.

அடுத்த வெள்ளிக்கிழமை பூஜை முடிந்தது. அருளம்மை மணியை விடாமல் அடித்தார். சரிவின் அடியில் தொட்டி வைத்து, தவிட்டைக் கஞ்சித் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். மேய்ந்துகொண்டிருந்த எருமைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. வந்து குடித்தன.

அதற்கடுத்த வெள்ளி, தொட்டி பத்தடி மேலே இருந்தது. அதற்கடுத்த வெள்ளி, இன்னும் பத்தடி.

கும்பிட வருகிறவர்களிடம், "தேங்காய் பழம் வேண்டாம். ஒரு கட்டு வைக்கோல் கொண்டாங்க" என்று சொல்லி, மடத்தின் பின்பக்கம் போர் போட்டார்.

"சாமி எப்போலேர்ந்து வைக்கோல் திங்குது?" என்று ஊர் சிரித்தது. "என்ன மாசிலாமணி, எருமைக்கு உபதேசமா? தீட்சை எப்ப?"

மாசிலாமணிக்கு வெட்கமாக இருந்தது. தொட்டியைத் தூக்கும்போது துண்டால் முகத்தை மறைத்துக்கொள்வார். குரு சொன்ன வேலையாயிற்றே, விடவும் முடியவில்லை.

வைகாசி கடைசியில் சீமாட்டி பாதிச் சரிவு ஏறினாள். ஆடி பிறந்தபோது, மணிச்சத்தம் கேட்டால் முதல் ஆளாக மடத்து வாசலில் நின்றாள்.

ஆடி பதினெட்டு கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை. முற்பகல் நேரம், நல்ல வெயில். கரைமேல் மைக் ஆட்டோ கத்திக்கொண்டு போயிற்று. மேலே அணையைத் திறந்துவிட்டார்களாம்.

"வானத்துல பொட்டு மேகம் இல்ல. வர்ற தண்ணி வரப்போட நின்னுடும்" என்று சொல்லிவிட்டு, வாழைக்கு முட்டுக்கொடுக்கப் போனார்கள் சனங்கள்.

மாசிலாமணி தங்கையைக் கூட்டிவரக் கிளம்பினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாழைத்தோப்பு வழியாகக் குறுக்குப் பாதையில் கீழே ஓடினார். அவர் முதுகுக்குப் பின்னால் மடத்து மணி அடிக்கத் தொடங்கியது.

தங்கை வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் உலை கொதித்தது. ஆள் இல்லை.

"தையலு! ஏ தையலு!"

கொல்லையில் தேடினார், கிணற்றடியில் தேடினார். அதற்குள் ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் புகுந்து கணுக்காலை நனைத்தது, முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. தேடுவதை அவர் விடவில்லை. மார்புக்கு வந்தபிறகு ஒரு தென்னையைக் கட்டிக்கொண்டு, "முருகா, அவளை எனக்குக் காட்டு" என்று அழுதார்.

"அண்ணே! இங்க பாரு, இங்க!"

மேட்டிலிருந்து சத்தம் வந்தது. நிமிர்ந்து பார்த்தார். மடத்து வாசல் முழுக்க எருமைகள். எருமைகளுக்குப் பின்னால், கையில் குச்சியோடு மூச்சிரைக்க, ஊர் மொத்தமும் நின்றது. மேய்ச்சலில் இருந்ததெல்லாம் மணியைக் கேட்டு ஓட, அதைத் திட்டிக்கொண்டே துரத்தி வந்த சனங்கள்.

தண்ணீர் ஓரம் வரை இறங்கிவந்து, நாலைந்து மாட்டுக்கயிற்றை முடிந்து வீசினார்கள். மாசிலாமணி இடுப்பில் கட்டிக்கொண்டார். ஊர் சேர்ந்து இழுத்துக் கரையேற்றியது.

தையல்நாயகி அண்ணன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்:

"ஏண்ணே, மைக் ஆட்டோ வந்ததும் மேட்டுக்கு வரணும்னு உனக்கு யாருமே சொல்லலியா?"

ஊரே சிரித்தது. நனைந்தவர் அவர் ஒருவர்தான்.

மடத்தில் பெரிய பானையில் உலை ஏறியது. பின்பக்கத்துப் போரைப் பிரித்து எருமைகளுக்கு வைக்கோல் போட்டார்கள். தண்ணீர் வடிய மூன்று நாள் ஆனாலும் தாங்கும்.

மாசிலாமணி தலையைத் துவட்டிக்கொண்டே அருளம்மையிடம் வந்தார்.

"ஒரு வருஷமா நாக்கு வறளப் பேசினேன், அம்மா. என் பேச்சுக்கு வரல அவ. தவிட்டுக்கு ஓடின எருமை பின்னால வந்திருக்கா. புத்தி இருக்கா அவளுக்கு?"

"எல்லாரும் மேல வந்தாங்க. நீங்க மட்டும் ஏன் ஐயா கீழ போனீங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? அவ அங்க இருக்கிறப்ப நான் மட்டும் இங்க எப்படி நிக்கிறது?"

அருளம்மை சிரித்தார்.

"அதைத்தானே ஐயா, உங்க தங்கச்சி ஒரு வருஷமா உங்ககிட்ட சொல்லிக்கிட்டிருந்தாங்க?"