கீழே கிடந்த மொட்டு

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன மடம். அங்கே குரு ஒரு பெண். எல்லாரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சீடர் வேதநாயகி வயதில் குருவுக்கே மூத்தவர்.

மடத்து வாசலில், தொட்டியில் ஒரு கமேலியா. இலையைப் பார்த்தால் தேயிலை என்றே நினைப்போம். தேயிலைக்குச் சொந்தம்தான். பூ மட்டும் ரோஜா மாதிரி அடுக்கடுக்காக இருக்கும்.

அந்த வருஷம் மொட்டெல்லாம் விரியாமலே கீழே கிடந்தது.

வேதநாயகி குருவிடம் போனார்.

"அம்மா, அந்தச் செங்கமலத்தை அனுப்பிடுங்க."

செங்கமலம் ரெண்டு வயசுப் பெண்ணோடு ஆடி மாசம் வந்து சேர்ந்தவள். வாசல் வேலையும் செடிக்குத் தண்ணீர் விடுவதும் அவள் பொறுப்பு.

"ஏன்?"

"அவ பொண்ணு மொட்டைக் கிள்ளுது. நேத்து கையும் மொட்டுமா பிடிச்சேன்."

"கிள்ளினதைப் பார்த்தீங்களா?"

"அதை வேற பார்க்கணுமா? அது முழிக்கிற முழியே சொல்லுதே. ஆத்தாக்காரி அதுக்கும் மேல. கேட்டா, கீழ கிடந்ததைப் பொறுக்குச்சுங்கிறா."

"அவளுக்குப் போக இடம் இருக்கா?"

"இல்லைதான். அதுக்காகத் திருட்டுக் கையை வச்சுக்க முடியுமா?"

குரு எழுந்து வேதநாயகியோடு வாசலுக்கு வந்தார். செங்கமலம் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"தொட்டி மண்ணுல விரலை விடுங்க," என்றார் குரு.

வேதநாயகி விட்டார். விரல் முழுசாக இறங்கியது. சுற்றிலும் தண்ணீர் ஊறி வந்தது. அவர் குனிந்திருக்கும்போதே ஒரு மொட்டு தானாகக் கழன்று அவர் மணிக்கட்டில் விழுந்தது.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

வேதநாயகி கையை உதறினார்.

"பாருங்கம்மா! சேறாக்கி வச்சிருக்கா. இவளைத்தான் சொல்றேன்."

"எவ்வளவு ஊத்துற?" என்று குரு செங்கமலத்திடம் கேட்டார்.

"காலையில ஒரு சொம்புதாங்கம்மா. மண்ணு காய்ஞ்சிருந்தா மட்டும்."

"பொய்யி!" என்றார் வேதநாயகி. "இவ எங்க ஊத்துறா? ஊத்த மாட்டான்னு தெரிஞ்சுதானே நானே தினமும் சாயங்காலம் ஒரு குடம்..."

அவர் பார்வை சேறு ஒட்டியிருந்த தன் விரலுக்குப் போனது.

குரு அந்த மொட்டைக் குனிந்து எடுத்தார்.

"வேர் ஊறினா இந்தச் செடியால மொட்டைத் தாங்க முடியாது. நாளையிலேர்ந்து ஒருத்தர்தான் தண்ணி விடணும். யாருன்னு நீங்களே சொல்லுங்க."